கோலாருக்கு வந்த நீரும் கோலார் எழுப்பும் கேள்விகளும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

இந்திய நகரங்களில் ஒரே நாளில் உருவாகும் கழிவுநீரின் அளவு 72,368 மில்லியன் லிட்டர் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டது. அதில் உண்மையாகச் சுத்திகரிக்கப்படுவது 20,236 மில்லியன் லிட்டர் மட்டுமே. நூற்றுக்கு 28 பங்கு. எஞ்சிய 52,000 மில்லியன் லிட்டருக்கு மேற்பட்ட நீர் ஆறுகளிலும் ஏரிகளிலும் கடலிலும் அப்படியே கலக்கிறது. ஓராண்டுக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறத்தாழ 670 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆக, ஏழு மேட்டூர் அணைகள் கொள்ளும் நீர் ஆண்டுதோறும் சாக்கடையாக வெளியேறுகிறது. அதே நாட்டில்தான் ஆயிரம் அடிக்குக் கீழே துளையிட்டும் நீரைக் காணாத விவசாயி கடனாளியாகிறார். காலிக் குடங்களுடன் பெண்கள் தண்ணீர் லாரிக்காக வேலைநாளை இழக்கிறார்கள்.

நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்து வறண்ட பகுதிகளுக்கு அளிப்போம் என்னும் முழக்கம் இன்று ஒன்றிய அரசின் திட்ட ஆவணங்களிலும் மாநில அரசுகளின் அறிவிப்புகளிலும் ஒலிக்கிறது. முழக்கம் சரியானதே. ஒரு முறை பயன்படுத்திய நீரைத் தூக்கி எறிவது எந்தத் திட்டமிட்ட சமுதாயமும் செய்யக்கூடாத ஊதாரித்தனம். ஆயினும் எந்தத் தரத்தில் அளிக்கப்படும், யாருடைய நன்மைக்காக அளிக்கப்படும், யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கும், யாருடைய உழைப்பில் நடக்கும் என்னும் நான்கு கேள்விகளுக்கு அந்த ஆவணங்கள் தெளிவாக விடை கூறுவதில்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்ட அனுபவத்தில் இந்த நான்கு கேள்விகளையும் உரசிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

வறட்சி எப்படி உருவாக்கப்பட்டது?

கோலாரில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பாலாறும் தென்பெண்ணையும் அந்த வட்டாரத்தின் நந்தி மலைப் பகுதியில்தான் பிறக்கின்றன. ஆனால் அங்கே அவை மழைக்கால ஓடைகளே. அதனால்தான் முன்னோர் அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஏரிகளை வெட்டினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலிங்கு வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். இந்தச் சங்கிலித் தொடர்தான் கேழ்வரகையும் நெல்லையும் விளைவித்தது. கிணறுகளில் நீரூறச் செய்தது.

அந்தச் சங்கிலி தானாக அறுந்துவிடவில்லை. வரத்துக் கால்வாய்கள் ஆக்கிரமிக்கப்பட்டன, தூர்வாருதல் நின்றது. ஏரிக்கு மாற்றாக ஆழ்துளைக் கிணறும் மின் இறைப்பியும் வந்தன. உலக வங்கியின் உதவியுடன் நடந்த சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தின் பெயரால் தைல மரங்கள் பரவின. காகித, ரேயான் ஆலைகளுக்கு மூலப்பொருள் கிடைத்தது. உணவுப் பயிர் விளைந்த நிலம் ஆலைக்கு மரம் வளர்ப்பதை எதிர்த்து 1980களில் கர்நாடக விவசாயிகள் தைலக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து போராடினர். தைல மர நடவுக்கு அரசு தடை விதித்தது 2017இல். அதற்குள் ஒரு தலைமுறைக் காலம் கடந்துவிட்டது. கிணறுகள் ஆயிரம் அடியைத் தாண்டின. ஆழத்திலிருந்து வந்த நீரில் ஃபுளோரைடு கலந்திருந்தது.

இதே மாவட்டத்தில்தான் கோலார் தங்கவயல் இருக்கிறது. வட ஆற்காடு, சேலம் பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், மண்ணுக்கடியில் இறங்கித் தங்கம் வெட்டிய இடம் அது. செங்கொடி இயக்கத்தின் பழைய களங்களில் ஒன்று. அந்தச் சுரங்கங்களை இயக்க ஆங்கிலேயக் கம்பெனிக்கு ஆற்றல் தேவைப்பட்டது. 1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுக்கப்பட்டு, நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு கம்பி இழுக்கப்பட்டுத் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரு நகருக்கே மின்விளக்கு அதன் பிறகுதான் எரிந்தது.

இங்கு ஒரு வரலாற்று உண்மையைக் கவனிக்க வேண்டும். தங்கம் தேவைப்பட்டபோது காவிரியின் மின்சாரம் 1902லேயே கோலாருக்கு வந்தது. காவிரியின் நீர் வருவதற்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் பெங்களூரு குடித்துக் குளித்துக் கழித்த நீராகத்தான் வந்தது. தொலைவோ தொழில்நுட்பமோ இந்த நூற்றுப் பதினாறு ஆண்டுத் தாமதத்துக்குக் காரணம் ஆகாது. எந்த வர்க்கத்தின் தேவை அவசரமானது என்று ஆட்சியாளர்கள் கருதினார்களோ, அதன் திசையில் ஆறு திரும்பியது.

குழாய் வழியே வந்த நீர்

நிரந்தர நீர்ப்பாசனம் வேண்டும் என்று கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்ட மக்கள் நெடுங்காலமாகப் போராடி வந்தனர். 2016 மார்ச்சில் டிராக்டர்களில் பெங்களூருவை நோக்கி வந்த விவசாயிகள் மீது தடியடி நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து நீர் கொண்டுவரும் எத்தினஹொளே திட்டத்துக்கு 2014இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதற்கட்டம் தொடங்கிவைக்கப்பட்டதே 2024 செப்டம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் முன்வைக்கப்பட்டதுதான் கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டம். பெங்களூருவின் கழிவுநீரில் நாளொன்றுக்கு 440 மில்லியன் லிட்டரை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்து, குழாய் வழியே ஏற்றி, கோலார் வட்டாரத்தின் 126 ஏரிகளை நிரப்புவது அதன் நோக்கம். செலவு 1,300 கோடி ரூபாய்க்கு மேல். முழு அளவில் இயங்கினால் ஆண்டுக்கு ஐந்தரை டி.எம்.சி.க்குச் சற்று மேற்பட்ட நீர் கிடைக்கும். ஏரியிலிருந்து நேரடியாகப் பாசனத்துக்கு எடுக்கலாகாது. ஏரியில் தேங்கி, மண்ணுக்குள் இறங்கி, நிலத்தடி நீராக மாறிய பின்னரே பயன்பட வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

2018 ஜூனில் முதல் ஏரியான லட்சுமிசாகரத்துக்கு நீர் வந்தது. வறண்டு கிடந்த ஏரியில் நீரைக் கண்ட மக்கள் மகிழ்ந்தனர். அடுத்த மாதமே ஏரியில் நுரை பொங்கியது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளில் நுரை மலைபோல் எழுந்ததையும், பெல்லந்தூர் ஏரி தீப்பற்றி எரிந்ததையும் அறிந்திருந்த மக்கள் அஞ்சியதில் வியப்பில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குச் சென்றது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை நீங்கிய பின் 2019 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றமும் தலையிட்டது. பின்னர் நீரேற்றம் தொடர்ந்தது.

விளைவைப் பக்கச்சார்பின்றிச் சொல்ல வேண்டும். ஏரிகளை ஒட்டிய கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்களும் இதைப் பதிவு செய்துள்ளனர். கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகள் பல மீண்டும் நீர் தந்தன. தரிசாகக் கிடந்த நிலங்களில் பயிர் வந்தது. இதை மறுப்பவர்கள் கோலார் விவசாயியின் வாழ்க்கையை அறியாதவர்கள். நுரையைக் கண்டு அஞ்சியவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்று ஏசியவர்களும் அவ்வாறே அறியாதவர்கள்தாம். இரு தரப்பிலும் இருந்தவர்கள் அதே விவசாயிகள். ஒரு வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்தும் இருந்தன. நீர் வேண்டும், நஞ்சு வேண்டாம். இரண்டையும் ஒரே கோரிக்கையாக இணைப்பது அரசியல் இயக்கத்தின் வேலை.

முதல் கேள்வி: எந்தத் தரத்தில்?

கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் மூன்று நிலைகள் உண்டு. முதல் நிலையில் கம்பித் தடுப்புகளும் படிவுத் தொட்டிகளும் குப்பையையும் மணலையும் நீக்குகின்றன. இரண்டாம் நிலையில் நீருக்குள் காற்று செலுத்தப்படுகிறது. பெருகும் நுண்ணுயிரிகள் கரிமப் பொருள்களை உண்டு சிதைக்கின்றன. கண்ணுக்கு நீர் தெளிவாகத் தெரியும், நாற்றம் குறையும். ஆனால் நைட்ரஜன், பாஸ்பரஸ், நோய்க்கிருமிகள், ஆலைக் கழிவு கலந்திருந்தால் அதன் வழி வரும் கன உலோகங்கள் ஆகியவை முழுமையாக நீங்குவதில்லை. மூன்றாம் நிலையில்தான் நுண்வடிகட்டலும், பாஸ்பரஸ் நீக்கமும், குளோரின், ஓசோன் அல்லது புற ஊதாக் கதிர் கொண்டு கிருமி நீக்கமும் நடைபெறும். தேவைப்படுமிடத்தில் சவ்வு வழியே நீரைச் செலுத்தி உப்புகளையும் பிரித்தெடுப்பர்.

கோலார் ஏரிகளுக்குச் செல்வது இரண்டாம் நிலை நீர். அது இறங்குவது கிராமங்கள் குடிநீருக்கும் நம்பியிருக்கும் அதே நிலத்தடிக்கு. நைட்ரேட் மிகுந்த நீர் கைக்குழந்தைகளின் இரத்தத்தில் உயிர்வளி சுமக்கும் திறனைக் குறைக்கும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. ஆகவே மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு வேண்டும் என்று அந்த மக்கள் கேட்பதில் மிகை எதுவும் இல்லை.

செலவு தாங்காது என்பது அரசின் வழக்கமான பதில். சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 45 மில்லியன் லிட்டர் திறனுள்ள மூன்றாம் நிலை ஆலைகள் 2019இல் இயங்கத் தொடங்கின. சவ்வு வடிகட்டல் வரை சென்று தூய்மையாக்கப்படும் அந்த நீர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணலி வட்டாரங்களின் தொழிற்சாலைகளுக்குச் செல்கிறது. அது நல்ல திட்டமே. ஏரி நீரையும் குடிநீரையும் அந்த அளவுக்கு மிச்சப்படுத்துகிறது. ஆயினும் ஒப்பிட்டுப் பாருங்கள். கொதிகலனில் உப்புப் படியக்கூடாது என்பதற்காக இயந்திரத்துக்கு மூன்றாம் நிலை நீர். அதே நீரை நிலத்தடியிலிருந்து பருக நேரிடும் கிராமத்து மக்களுக்கு இரண்டாம் நிலை நீர். தொழில்நுட்பமும் பணமும் இந்த நாட்டில் இருக்கின்றன. யாருக்காகச் செலவழிப்பது என்பதில்தான் பாகுபாடு இருக்கிறது.

தர நிர்ணயத்திலும் இதே கதைதான். நீரின் கரிம மாசைக் குறிக்கும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2015ஆம் ஆண்டு வரைவு கூறியது. 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிக்கையோ பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என்று தளர்த்தியது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு 10 என்னும் அளவை மீண்டும் வலியுறுத்த வேண்டியிருந்தது.

இரண்டாம் கேள்வி: யாருடைய நன்மைக்காக?

நீர் மண்ணுக்குள் இறங்கிய பின் அது யாருக்குச் சொந்தம்? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் முதல் இன்றுவரை, தன் நிலத்தடியில் உள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமை நில உடைமையாளருக்கே என்னும் கருத்து இந்தியாவில் வேரூன்றி நிற்கிறது. நகரத்து மக்களின் வரிப்பணத்தில் சுத்திகரிக்கப்பட்டு, அரசுப் பணத்தில் குழாய் வழியே ஏற்றப்பட்டு, பொது ஏரியில் நிரப்பப்படும் நீர், மண்ணுக்குள் சில அடி இறங்கியதும் தனியார் சொத்தாக மாறிவிடுகிறது. ஏரிக்கருகே நிலமும், ஆழ்துளைக் கிணறு தோண்டப் பணமும் உள்ளவர் முதலில் எடுப்பார். குறு விவசாயி அடுத்து நிற்பார். நிலமற்ற தலித் கூலித் தொழிலாளிக்குக் கிடைப்பது, ஊர்க்குழாயில் வரும் நீரின் தரம் கெட்டால் அதன் கேடு மட்டுமே. பயனில் பங்கில்லாதவருக்குத் தீமையில் மட்டும் பங்கு என்பது வர்க்கச் சமுதாயத்தின் நியதி. சாதியும் அதனுடன் கைகோத்து நிற்கிறது. நிலத்தடி நீரைப் பொதுச் சொத்தாக்காமல் நிலத்தடி நீரைப் பெருக்குவது, உடைமை உள்ளவர்களின் உடைமையைப் பெருக்குவதாகவே முடியும்.

நாக்பூரிலும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. அந்நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுக் கோராடி அனல் மின் நிலையத்துக்குப் பயன்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டருக்குள் உள்ள அனல் மின் நிலையங்கள் அந்த நீரையே பயன்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு மின் கட்டணக் கொள்கையும் கூறியது. மின் நிலையம் கழிவுநீருக்கு மாறினால் அணை நீர் அந்த அளவுக்கு மிச்சமாகும். மிச்சமான நீர் எங்கே போகிறது? விவசாயிகளின் தற்கொலைகளால் நாடறிந்த விதர்பாவின் வயல்களுக்குப் போகிறதா, புதிய தொழிற்பேட்டைக்கும் நகர விரிவாக்கத்துக்கும் போகிறதா? மறுசுழற்சித் திட்டம் ஒவ்வொன்றிலும் விடுவிக்கப்படும் நன்னீரின் அளவும் அது போய்ச் சேரும் இடமும் பகிரங்கமாக அறிவிக்கப்பட வேண்டும். இல்லையேல் மறுசுழற்சி என்பது மூலதனத்துக்குக் கூடுதல் நீரைத் தேடித்தரும் வழியாகச் சுருங்கிவிடும்.

கோலாரின் நீர் தமிழ்நாட்டையும் தொடுகிறது. பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் உபரி தென்பெண்ணையில் கலந்து ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. அந்த அணையிலிருந்து நுரை பொங்கிப் பாயும் காட்சி மழைக்காலந்தோறும் செய்தியாகிறது. பெங்களூரு தன் கழிவை முழுமையாகச் சுத்திகரித்தால் கோலார் விவசாயியும் பயனடைவார். கிருஷ்ணகிரி விவசாயியும் பயனடைவார். இரு மாநில உழைப்பாளரையும் மொழியின் பெயரால் மோதவிடும் அரசியலுக்கு எதிராக, இந்தப் பொதுக் கோரிக்கையை இரு பக்கமும் ஒரே குரலில் எழுப்ப இயலும்.

மூன்றாம் கேள்வி: யாருடைய கட்டுப்பாட்டில்?

2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட அம்ருத் திட்டத்தின் இரண்டாம் கட்டம், நகரத் தண்ணீர்த் தேவையில் 20 விழுக்காட்டையும் தொழில்துறைத் தேவையில் 40 விழுக்காட்டையும் மறுசுழற்சி நீரால் நிறைவு செய்ய வேண்டும் என்று இலக்கு வைத்தது. இலக்கில் குறையில்லை. அத்துடன், பத்து லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை உள்ள நகரங்கள் தங்களுக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 10 விழுக்காட்டு மதிப்புள்ள பணிகளை அரசு–தனியார் கூட்டுமுறையில் மேற்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையும் இணைக்கப்பட்டது. தண்ணீர் வழங்கலையும் துப்புரவையும் உள்ளாட்சிகளின் பொறுப்புகளாக 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் பட்டியலிட்டது. உள்ளாட்சிகளுக்கு நிதி தராமல் வறுமையில் வைத்துவிட்டு, பிறகு தனியாரிடம் போ என்று கைகாட்டுவது நவதாராளமயத்தின் பழகிய உத்தி.

இத்துறையில் தனியார்மயத்துக்குத் தனியான ஆபத்து உண்டு. சுத்திகரிப்பின் தரத்தை வெறும் கண்ணால் அறிய முடியாது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்தக் காற்றூட்டும் கருவியை இரவில் நிறுத்திவைத்தால் ஒப்பந்ததாரருக்கு லாபம். தீமை மெதுவாக, வேறொரு மாவட்டத்தில், யாருடைய கிணற்றிலோ வெளிப்படும். லாப நோக்கமும் சோதனைக்கூடத்தின் சாவியும் ஒரே கையில் இருத்தலாகாது. ஆலைக் கழிவைச் சாக்கடையில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் முதலாளியைத் தண்டிக்காமல் எந்தச் சுத்திகரிப்பு நிலையமும் தன் பணியைச் செய்ய இயலாது.

மூலதனம் நூலின் மூன்றாம் பாகத்தில், லண்டன் மாநகர மக்களின் கழிவு வயலுக்குத் திரும்பாமல் பெருஞ்செலவில் தேம்ஸ் நதியைக் கெடுப்பதை மார்க்ஸ் சுட்டிக்காட்டினார். மண்ணிலிருந்து நகரம் எடுத்துக்கொள்வது மண்ணுக்குத் திரும்பாத அந்தப் பிளவை முதலாளித்துவ உற்பத்திமுறையின் குணமாக அவர் கண்டார். மறுசுழற்சி அந்தப் பிளவின் ஒரு பகுதியை அடைக்கக்கூடிய வேலை. அதைச் சந்தையிடம் ஒப்படைத்தால் பிளவே விற்பனைப் பொருளாகிவிடும்.

நான்காம் கேள்வி: யாருடைய உழைப்பில்?

புள்ளிவிவரங்களில் கழிவுநீர் தானாக நடந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு வருவதுபோல் தோன்றும். உண்மையில் அடைப்பை நீக்க மனிதர் இறங்குகிறார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதையும், பாதுகாப்புக் கருவிகளின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் ஆளை இறக்குவதையும் தடைசெய்தது. இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என 2014இல் ஆணையிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டமும் தீர்ப்பும் இருக்க, மரணங்களும் தொடர்கின்றன. இறங்குபவர் ஒப்பந்தத் தொழிலாளி, பெரும்பாலும் தலித். ஒப்பந்ததாரர் கைவிரிப்பார், நகராட்சி ஒப்பந்ததாரரைக் கைகாட்டும்.

சுத்திகரிக்கப்படும் நீரின் அளவை மும்மடங்காக்கப் போகிறோம் என்று அரசு அறிவிக்கும்போது, அந்த வேலையில் ஈடுபடும் தொழிலாளரின் எண்ணிக்கையும் ஆபத்தும் பெருகும் என்பதே அதன் மறுபக்கம். பணி நிரந்தரம், முழுமையான இயந்திரமயம், நச்சுவாயுப் பாதுகாப்பு, மருத்துவக் காப்பு ஆகியவை இல்லாத மறுசுழற்சித் திட்டத்தைத் தூய்மைத் திட்டம் என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

இந்த நான்கு கேள்விகளிலிருந்து கோரிக்கைகள் தெளிவாகவே பிறக்கின்றன.

முதலாவதாக, நிலத்தடி நீரில் கலக்கும் மறுசுழற்சி நீர் எதுவாயினும் மூன்றாம் நிலை வரை சுத்திகரிக்கப்பட வேண்டும்; ஆலைக் கழிவு வீட்டுக் கழிவுடன் கலப்பதை முற்றாகத் தடுக்க வேண்டும்.

இரண்டாவதாக, ஏரி நீரும் சுற்றுப்புறக் கிணற்று நீரும் மாதந்தோறும் பொது நிறுவனங்களால் சோதிக்கப்பட்டு, முடிவு கிராமசபையில் அந்த மக்களின் மொழியில் படிக்கப்பட வேண்டும். நீர் ஏற்றப்படும் கிராமங்களுக்குத் தனியான பாதுகாக்கப்பட்ட குடிநீர் வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, பொதுப் பணத்தில் செறிவூட்டப்பட்ட நிலத்தடி நீர் பொதுச் சொத்தென அறிவிக்கப்பட வேண்டும். கிணறுகளின் ஆழத்துக்கும் இறைப்புக்கும் வரம்பு, குறு விவசாயிகளுக்குக் கூட்டுக் கிணறு, ஏரி மீன்வளத்திலும் தூர்வாரும் பணியிலும் நிலமற்றோருக்கு முன்னுரிமை ஆகியவை திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

நான்காவதாக, சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளாட்சிகளின் உடைமையிலும் இயக்கத்திலும் இருக்க வேண்டும். அதற்கான நிதியை ஒன்றிய, மாநில அரசுகள் நிபந்தனையின்றி அளிக்க வேண்டும். அங்கு உழைப்போர் அனைவரும் நிரந்தரப் பணியாளராக்கப்பட வேண்டும்.

ஐந்தாவதாக, கழிவுநீரைக் காட்டி நன்னீர் உரிமையைக் கைகழுவ அரசுகளை அனுமதிக்கலாகாது. மறுசுழற்சி நீர் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கோலார் விவசாயி நெடுங்காலம் கேட்டுவரும் நிரந்தரப் பாசனக் கோரிக்கையோ, ஏரிச் சங்கிலியைப் புதுப்பிக்கும் கடமையோ காலாவதியாகிவிடாது.

தோழர்களே, நதிகள் அற்ற மண்ணில் இந்தக் கோரிக்கைகளை எடுத்துச் செல்லும்போது எதிரில் நிற்பவர் தாகத்தால் அவசரப்படுத்தப்பட்ட மனிதர் என்பதை மறக்கலாகாது. கிடைத்ததை ஏற்றுக்கொள் என்று அரசு அவரிடம் கூறும். எதையும் ஏற்காதே என்று வறட்டுத்தனமாகக் கூறினால் அவர் செவி சாய்க்கமாட்டார், சாய்க்கவும் தேவையில்லை. நீரைப் பெறு, அதன் தரத்தைக் கேள், அதன் கணக்கைக் கேள், அதில் உன் பங்கைக் கேள் என்று கூறும் இயக்கத்துக்குத்தான் அவர் கதவைத் திறப்பார். அந்தக் கதவுகளைத் தட்டுவதற்கு முன், தத்தம் நகராட்சியில் ஒரு நாளில் உருவாகும் கழிவுநீர் எவ்வளவு, சுத்திகரிக்கப்படுவது எவ்வளவு, எஞ்சியது எந்த ஊரின் ஏரியில் போய்ச் சேருகிறது, அந்த வேலையில் இறங்குபவர்கள் யார் என்னும் விவரங்களை ஒவ்வொரு கிளையும் திரட்டி வைத்திருப்பது அவசியம். இந்த வகுப்பு முடிந்து ஊர் திரும்பியதும் தொடங்க வேண்டிய முதல் வேலை அதுவே.